கற்பிக்கச் சென்றோர் கற்றுத் திரும்பினர்

1960-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள், பின்னிரவு இரண்டு மணி. அமெரிக்க நாட்டின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் ஆயிரக்கணக்கில் கூடி விழித்திருந்தனர். குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்ற ஜான் கென்னடி அவர்களை நோக்கிக் கேள்வி ஒன்று எழுப்பினார்: மருத்துவராகப் போகின்றவர்களுள் எத்தனை பேர் கானா நாட்டில் பணியாற்ற முன்வருவர்? அக்கேள்வி இளைஞர் உள்ளத்தில் தைத்தது. 1961 மார்ச் 1-ஆம் நாள் அமைதிப் படை பிறந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு இறுதியில் அதன் முதல் தொண்டர்கள் ஆசிரியர்களாக கானாவின் தலைநகரான அக்ராவில் வந்திறங்கினர். விமான நிலையத்திலேயே அந்நாட்டின் துவி மொழியில் பாடி மக்களை வணங்கினர்.

பலர் கல்லூரியை விட்டு அப்போதுதான் வெளிவந்தவர்கள். தம் மாணவருக்குத் தாய்மொழி ஒன்று, பாடமொழி வேறொன்று என்பதை அங்கே கண்டனர். தமக்கு எளிதாகத் தோன்றிய எடுத்துக்காட்டு மாணவருக்குப் புதிராக நின்றது. பிள்ளை வாய் திறவாதிருப்பது அறியாமையினால்தானா, அல்லது நம் சொல் அவனைச் சென்று சேராமையினாலா? உள்ளூரில் இருந்தவரை எழாத இக்கேள்வி, அயல்நாட்டில் அன்றாடம் எழுந்தது.

அவ்வனுபவம் வீணாகவில்லை. 1963-இல், தொண்டு முடித்துத் திரும்பிய பத்துப் பேர் வாஷிங்டன் நகரின் கார்டோசோ உயர்நிலைப் பள்ளியில் பயிற்சி ஆசிரியராயினர். அங்குப் பயின்றோர் பெரும்பாலும் வறிய கறுப்பினக் குடும்பங்களின் பிள்ளைகள். தேர்ந்த ஆசிரியரின் கண்காணிப்பில் இவர்கள் நாளொன்றுக்குச் சில வகுப்புகளே நடத்தினர். அச்சிட்ட நூல் பிள்ளைகளின் வாழ்வைத் தொடாதபோது பாடங்களைத் தாமே எழுதினர். அவர்தம் குடும்பங்களையும் தெருக்களையும் அறிய முற்பட்டனர். லாரி கியூபன் என்னும் வரலாற்றாசிரியர் இவர்களை வழிநடத்தியோருள் ஒருவர். 1965-இல் அமெரிக்கப் பேரவை சட்டமியற்றி அமைத்த தேசிய ஆசிரியர் படைக்கு இம்முயற்சியே முன்மாதிரியாயிற்று.

மாலை வேளையில் சிறுவருக்குப் பாடம் சொல்லித் தரும் கல்லூரி மாணவர் இதிலிருந்து பெறுவது யாது? புரிந்ததா என்று கேட்டால் எப்பிள்ளையும் தலையசைக்கும். அதன் சொந்தச் சொற்களில் திரும்பச் சொல்லச் செய்தாலன்றி உண்மை விளங்காது. கணக்கைப் பிள்ளையின் வீட்டுக் கடைச் செலவிலிருந்து தொடங்கலாம். வீட்டுப்பாடம் எழுதாத சிறுமியைக் கடியுமுன், அவ்வீட்டில் தம்பி தங்கையரைப் பார்ப்பது அவள்தானோ என்று அறிவது நன்று.

இவற்றினும் பெரிய பாடம் ஒன்று உண்டு. அமைதிப் படைத் தொண்டரின் பணிக்காலம் ஏறத்தாழ இரண்டாண்டுகளே. தாம் போய்விடுவோம் என்பதை அறிந்தே கற்பிக்கின்றனர். ஆகவே, தாம் இல்லாதபோதும் பிள்ளை தானே நூலைத் திறந்து படிக்கும் ஆற்றலைத் தருவதே அவர்தம் கடன். தம் மீது சாய்ந்து நிற்கப் பழக்குவது உதவியன்று.

நம் பங்கிலும் ஒருமுறை கல்லூரி மாணவர் சிலர் மாலைப் பள்ளி தொடங்கினர். தங்கள் தேர்வு நெருங்கியதும் ஒருவர் பின் ஒருவராக நின்றுவிட்டனர். நாமும் பிற அலுவல்களில் அதைக் கவனியாது விட்டோம். சில நாட்களுக்குப் பின், மாலையில் தாழ்வாரத்தின் வழியே செல்லுகையில், ஒரு சிறுவன் புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு தனியே அமர்ந்திருக்கக் கண்டோம். "இன்றைக்கு வருவார்களா, சாமி?" என்று கேட்டான். விடையளிக்க நம்மிடம் சொல் இல்லை. வரமாட்டார்கள் என்று அவனிடம் சொல்ல வேண்டும் என்பதுகூட எவருக்கும் தோன்றவில்லையே!

பெற்றோரே, உங்கள் மகனோ மகளோ ஏழைப் பிள்ளைக்குக் கற்பிக்க முன்வந்தால் மகிழுங்கள். அத்துடன் ஒன்று கேளுங்கள்: "எத்தனை நாள் போவாய்? நீ நிற்கும் நாளை அப்பிள்ளையிடம் முன்னரே சொல்வாயா?" வாக்களித்தது வாரத்திற்கு ஒரு மணி நேரமேயாயினும், அது தவறாமல் நிகழட்டும். காத்திருக்கும் பிள்ளைக்கு அந்த ஒரு மணி நேரமே பெரிது.