விளையாட்டு வீரரும் வீட்டு நினைவும்

பிறந்த ஊரைப் பிரிந்தோர் மனம் அவ்வூரையே நாடி வருந்துதல் மக்கட்கெல்லாம் இயல்பு. 1688-ஆம் ஆண்டில் பேசல் நகரில் மருத்துவம் பயின்ற யோகன்னஸ் ஹோபர் என்பார், அயல்நாடுகளில் வாழ்ந்த சுவிட்சர்லாந்தியர் இவ்வேக்கத்தால் மெலிதலை ஆராய்ந்து, திரும்புதல், நோவு என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களை இணைத்து அதற்குப் பெயரிட்டார். அவர் அதனை நோயென்றே கருதினார். நாமோ அதனை அன்பின் விளைவு என்போம்.

ஆயினும், வெளிநாடு செல்லும் விளையாட்டு வீரரை இது வருத்தும் வகை தனி. ஏனையோர் மனவருத்தத்தோடும் தம் பணியை ஒருவாறு முடிப்பர். வீரருக்கோ உடலே கருவி. உறக்கம் குறையின் ஓட்டம் தளரும். ஓட்டம் தளரின் 'ஏன் வந்தோம்' என்னும் எண்ணம் பிறக்கும். அவ்வெண்ணம் மீண்டும் உறக்கத்தைக் கெடுக்கும். அன்றியும், தம் ஊரில் முதல்வராயிருந்தவர் ஆங்கே பலருள் ஒருவராகிறார். அத்துயரையும் வீட்டு நினைவென்றே மயங்குவதுண்டு. இரண்டையும் பிரித்தறிதல் வேண்டும். முன்னதைக் காலம் தணிக்கும், பின்னதைப் பயிற்சியே தணிக்கும்.

யாழ்ப்பாணத்தில் மெதடிஸ்த மிஷனார் நிறுவிய மத்திய கல்லூரியில் பயின்ற நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், 1952-ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக் பந்தயத்தில் உயரம் தாண்டியபொழுது பதினெட்டு வயது நிரம்பாத இளைஞர். பின்னர் அவர் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியா சர்வகலாசாலையில் சேர்ந்தார். முகம் பார்த்து உரையாடும் கருவிகள் இல்லாத காலம் அது. 1958-இல் டோக்கியோவில் 2.03 மீட்டர் தாண்டி, ஆசிய விளையாட்டுகளில் இலங்கைக்கு முதல் தங்கப்பதக்கம் ஈட்டினார். அவர் படிப்பையும் பந்தயத்தையும் ஒருங்கே மேற்கொண்டமை நாம் கருதத்தக்கது. தாண்டுதல் தவறிய நாளிலும் ஊன்றி நிற்க மற்றொரு கடமை இருத்தல் பெருந்துணையன்றோ?

1924-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓட்டத்தை வென்ற எரிக் லிடெல், சீனத்தில் பிறந்த மிஷனரியின் மகனார். இளம்பருவத்திலேயே பெற்றோரைப் பிரிந்து இங்கிலாந்தில் விடுதிப் பள்ளியில் வளர்ந்தார். உடன் தமையனார் இருந்தார். ஒரு துணையேனும் அமைதல் நன்று என்பதற்கு இது சான்று.

இனிச் செய்யத்தக்கன சில கூறுவோம். கால வேறுபாட்டில் மணிக்கு ஏறத்தாழ ஒரு நாளாக உடல் புதிய இரவுபகலுக்கு இணங்குமாதலின், முதல் வாரத்துத் தளர்ச்சியைக் கொண்டு தம் வலிமையை அளத்தலாகாது. வீட்டாரோடு பேசக் குறித்த நாளும் நேரமும் வேண்டும்; நாழிகைதோறும் பேசுவோர் பாதி மனத்தை ஊரிலேயே விட்டுவைப்பர். வாரமொருமுறை நம் சோற்றையும் இரசத்தையும் சமைத்து அயல்நாட்டுத் தோழர்க்கும் அளித்தால், உணவோடு நட்பும் கிட்டும். ஏக்கத்தைப் பயிற்சியாசிரியரிடம் மறைத்தல் தகாது. பல வாரம் கடந்தும் உணவும் உறக்கமும் கூடாவிடின் மருத்துவரை நாடுக. அதன் பின்னரும் திரும்ப நேரிடின், அஃது இழிவன்று.

சவ்வாது மலையின் புதூர்நாட்டினின்றும் நெல்லிவாசலினின்றும் இறங்கித் திருப்பத்தூர் விடுதிகளில் தங்கும் மாணாக்கர், சாமைச்சோற்றையும் மலைக்காற்றையும் நினைந்து முதலிரவில் அறிவதும் இவ்வேக்கமே. கடல் கடப்பினும் மலை இறங்கினும் நோவு ஒன்றே. ஆதலின் விடுதிக்குப் புதிதாய் வந்த தம்பியின் அருகில் அமர்ந்து உண்பது நம் கடமை. வெளிநாட்டில் ஓடும் பழைய மாணவர்க்குத் திங்கட்கொரு கடிதம் வரைதலும் அத்தகையதே.