படிக்க உட்கார்ந்ததும் மனசு எங்கே ஓடுகிறது, தெரியுமா?

“உட்கார்ந்து அஞ்சு நிமிஷம் ஆகல, அதுக்குள்ள எழுந்துட்டியா?” பொதுத்தேர்வு எழுதப்போகும் பிள்ளை இருக்கிற வீட்டில் இந்தக் குரல் கேட்காத நாள் ஏது! கவனம் சிதறினால் பழி நேராகப் பிள்ளையின் தலையில்தான் விழும். ஆனால் குற்றவாளி வகுப்பறை ஜன்னலாக இருந்த கதை தெரியுமா?

நியூயார்க் நகரம், மன்ஹாட்டனின் வடகோடி. அங்கே 98ஆம் எண் அரசுப் பள்ளி. அதை ஒட்டினாற்போல, தூண்களின் மேல் ஓடும் ரயில் பாதை. நாலரை நிமிடத்துக்கு ஒரு ரயில்! ஒவ்வொன்றும் கடந்து முடிய அரை நிமிடம். அந்த அரை நிமிடமும் ஆசிரியை தொண்டை கிழியக் கத்த வேண்டும். இல்லையென்றால் சாக்பீஸும் கையுமாகச் சும்மா நிற்க வேண்டும். ரயில் போனதும் விட்ட இடத்தைத் தேடிப் பிடித்து, பிள்ளைகளை மறுபடி இழுத்து வருவதற்குள் அடுத்த ரயில் வந்துவிடும். தன் வகுப்பில் படித்த ஒரு தாய் இதைச் சொல்லிப் புலம்பியதைக் கேட்டு ஆராயப் புறப்பட்டார் உளவியல் பேராசிரியர் ஆர்லின் பிரான்சாஃப்ட். பெரிய கருவி எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை. வாசிப்புத் தேர்வு மதிப்பெண்களை எடுத்தார். எந்தப் பிள்ளை ரயில் பக்க வகுப்பு, எந்தப் பிள்ளை அமைதியான பக்கம் என்று பிரித்தார். அவ்வளவுதான். 1975-இல் வெளிவந்த முடிவு தூக்கிவாரிப் போட்டது. ஆறாம் வகுப்புக்கு வருவதற்குள் ரயில் பக்கத்துப் பிள்ளைகள் வாசிப்பில் கிட்டத்தட்ட ஓர் ஆண்டு பின்தங்கியிருந்தார்கள். ஒரே பள்ளி, ஒரே கட்டடம்!

இதைவிடப் பெரிய ஆச்சரியம் அடுத்து வந்தது. தண்டவாளத்துக்கு அடியில் ரப்பர் பட்டைகள் வைத்தார்கள். வகுப்பறைக் கூரையில் சத்தத்தை உறிஞ்சும் பலகைகள் பதித்தார்கள். 1981-இல் அவர் வெளியிட்ட அடுத்த ஆய்வில் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் வித்தியாசமே இல்லை. ரப்பர் வாங்கித் தந்த மதிப்பெண்!

சத்தமே இடம் மாறினால் என்ன ஆகும்? ஜெர்மனியின் மியூனிக்கில் 1992-இல் பழைய விமான நிலையத்தை மூடி, வேறோர் இடத்தில் புதியதைத் திறந்தார்கள். சத்தம் ஓர் ஊரைவிட்டு இன்னோர் ஊருக்குக் குடிபோனது. கூடவே படிப்புத் தடுமாற்றமும் போனது! பழைய நிலையத்துக்கு அருகில் இருந்த பிள்ளைகளின் வாசிப்பும் நினைவாற்றலும் தேறின. புதிய நிலையத்துக்கு அருகில் இருந்த பிள்ளைகளுக்கு அவை இறங்கின.

நம் வீட்டுக்குள் ரயிலும் ஓடவில்லை, விமானமும் பறக்கவில்லை. ஆனால் மேஜைமேல் ஒன்று கிடக்கிறதே! கலிஃபோர்னியாவில் 263 மாணவர்கள் தங்கள் இடத்தில் பாடம் படிப்பதை ஆய்வாளர்கள் பக்கத்திலிருந்தே கவனித்தார்கள். வெறும் 15 நிமிடம். முக்கியமான பாடத்தைத்தான் படிக்க வேண்டும், கவனிக்க ஆள் இருப்பதும் தெரியும். அப்படியிருந்தும் சராசரியாக ஆறு நிமிடம்கூடத் தாண்டவில்லை, கை வேறொன்றுக்குப் போய்விட்டது. பள்ளிப் பிள்ளைகளிலிருந்து பல்கலைக்கழக மாணவர்கள்வரை அதில் இருந்தார்கள். அம்மா சொல்லும் அந்த ‘அஞ்சு நிமிஷம்’ எவ்வளவு துல்லியமான கணக்கு, பாருங்கள்!

சரி, போனைத் தொடவே இல்லை, சைலன்ட்டில் போட்டாயிற்று, குப்புறக் கவிழ்த்தும் வைத்தாயிற்று. போதுமா? டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் வார்டு குழுவினர் 2017-இல் வெளியிட்ட ஆய்வைக் கேளுங்கள். சிலருக்குப் போன் மேஜைமேல், சிலருக்குப் பையிலோ சட்டைப்பையிலோ, சிலருக்குப் பக்கத்து அறையில். எல்லாப் போனும் ஊமை. நினைவாற்றலையும் யோசிக்கும் திறனையும் அளந்தபோது பக்கத்து அறையில் விட்டுவந்தவர்களே முன்னால் நின்றார்கள். பின்னாளில் இதே சோதனையைச் செய்த சிலருக்கு இவ்வளவு தெளிவான வித்தியாசம் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் ‘டிங்’ என்ற ஓசை விஷயத்தில் கொஞ்சம் பயப்படத்தான் வேண்டும். ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தின் 2015 ஆய்வில், வந்த அழைப்பையோ செய்தியையோ பார்க்காமலேயே விட்டவர்களுக்கும் கவனம் குலைந்தது. எடுக்கவில்லை, படிக்கவில்லை, ‘யாராக இருக்கும்?’ என்ற எண்ணம் ஒன்றே போதுமாக இருந்தது!

ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது மனசு முழுசாகத் தாவுவதில்லை, தெரியுமா? ஒரு பங்கு பழைய இடத்திலேயே தங்கிவிடும். ஆய்வாளர் சோஃபி லெராய் 2009-இல் இதைச் சோதித்துக் காட்டினார். வேதியியலுக்கு நடுவில் இரண்டே நிமிடம் ரீல்ஸ் பார்க்கும் பிள்ளைக்கு, திரும்பி வந்தபிறகும் கொஞ்ச நேரம் பாதி மனசுதான் புத்தகத்தில்.

அப்படியானால் ஒரே நேரத்தில் நூறு விஷயங்களைக் கவனித்த சதாவதானிகள்? நம் மண்ணிலேயே இருந்தார்களே! நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர், 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்திக் காட்டினார். அவதானம் என்றால் சும்மாவா? ஒருவர் முதுகில் சிறு கல்லை எறிந்துகொண்டே இருப்பார். இன்னொருவர் நினைத்தபோதெல்லாம் மணி அடிப்பார். வேறொருவர் ஈற்றடி கொடுத்து வெண்பா கேட்பார். மற்றொருவர் ஒரு தேதியைச் சொல்லி என்ன கிழமை என்பார். நடுவே ஒருவர் வம்புக்கு இழுப்பார். கையில் காகிதம் கிடையாது, எழுதுகோல் கிடையாது. கடைசியில் எத்தனை கல், எத்தனை மணி, எந்த வெண்பா என்று ஒன்றுவிடாமல் சொல்ல வேண்டும்! இதை நான் கவனச் சிதறலுக்கு நேர் எதிரான கலையாகவே பார்க்கிறேன். அவதானி ஒவ்வொன்றையும் தனியே வாங்கி, தனியே பதித்து, கேட்டபோது தனியே எடுக்கிறார். பல ஆண்டுப் பயிற்சி அது. டிவி, சாட், பாட்டு, பாடம் என்று எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறவர்களை ஸ்டான்ஃபோர்டில் 2009-இல் சோதித்தபோது, தேவையில்லாததை ஒதுக்குவதிலேயே அவர்கள் மற்றவர்களைவிடத் திணறினார்கள்.

கவனம் சிதறாமலிருக்க, பழங்காலக் கிரேக்கப் பேச்சாளர் டெமாஸ்தனிஸ் என்ன செய்தார் தெரியுமா? பயிற்சிக்காக நிலத்துக்கு அடியில் ஓர் அறை கட்டிக்கொண்டார். வெளியே போகும் ஆசை வந்தால்? தலையில் ஒரு பக்கம் மட்டும் மழித்துக்கொண்டு, வெட்கத்தில் இரண்டு மூன்று மாதம் உள்ளேயே கிடந்தாராம்! புளூட்டார்க் எழுதிவைத்த செய்தி இது. தன் மன உறுதியை அந்த மாமேதையே முழுசாக நம்பவில்லை. வெளியே போக முடியாதபடி ஏற்பாடு செய்துகொண்டார்.

மொட்டை வேண்டாம், ஒரு டைமர் போதும் என்று கண்டவர் பிரான்செஸ்கோ சிரிலோ. 1980களின் கடைசியில் கல்லூரி மாணவராகப் படிப்பில் மனம் நிற்காமல் தவித்தபோது, தக்காளி வடிவச் சமையலறை டைமர் ஒன்றை எடுத்து முடுக்கினார். 25 நிமிடம் படிப்பு, பிறகு சின்ன ஓய்வு. உலகம் முழுக்கப் பரவிய ‘பொமோடோரோ’ முறை பிறந்தது இப்படித்தான். ஒன்று மட்டும் சொல்வேன்: டைமருக்குப் போனைப் பயன்படுத்தாதீர்கள், பழைய அலாரம் கடிகாரமே மேல்.

அந்த 25 நிமிடத்தில் என்ன செய்வது? திரும்பத் திரும்ப வாசிப்பதா? உளவியல் ஆய்வாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006-இல் வெளியிட்ட சோதனையில் ஒரு பத்தியை நான்கு முறை படித்தவர்களுக்கு ஐந்து நிமிடம் கழித்து 83 சதவீதம் நினைவிருந்தது. ஒருமுறை படித்துவிட்டு, மூன்று முறை பாராமல் எழுதிப் பார்த்தவர்களுக்கு 71 தான். ஒரு வாரம் போகட்டும்! நான்கு முறை படித்தவர்கள் 40க்கு விழுந்தார்கள்; எழுதிப் பார்த்தவர்கள் 61இல் நின்றார்கள். புத்தகத்தை மூடிவைத்து எழுதும்போது மனசு ஊர் சுற்ற வழியே இல்லை. தேர்வு மறுநாள் காலையில் இல்லையென்றால், மூடிய புத்தகமே நல்ல வாத்தியார்!

‘நாளையிலிருந்து ஒழுங்காகப் படிப்பேன்’ என்பதைவிட ‘ஏழு மணிக்குக் காபி குடித்ததும் மாடி அறையில் கணக்கைத் திறப்பேன்’ என்பதற்கு வலு அதிகம், தெரியுமா? உளவியலாளர் பீட்டர் கோல்விட்ஸர் 1997-இல் வெளியிட்ட ஆய்வு சொல்வது இது. கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஒரு கட்டுரை எழுதி அனுப்ப மாணவர்களிடம் சொன்னார்கள். எங்கே, எப்போது எழுதுவோம் என்று முன்பே குறித்தவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் சொன்ன கெடுவுக்குள் முடித்தார்கள். குறிக்காதவர்களில் மூன்றில் ஒருவர்தான்.

21 நாள் செய்தால் பழக்கம் ஆகிவிடும் என்கிறார்களே, அது வந்த இடம் ஆய்வுக்கூடமே இல்லை! மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன், மாறிய முகத்துக்கு நோயாளிகள் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று 1960-இல் எழுதினார். அதுதான் ஊரெல்லாம் சுற்றி உருமாறியது. லண்டனில் ஆய்வாளர் ஃபிலிப்பா லாலி 96 பேரைப் பின்தொடர்ந்தபோது, ஒரு செயல் தன்னால் வரும் பழக்கமாக 18 நாள் முதல் 254 நாள்வரை தேவைப்பட்டது, நடுக்கணக்கு 66. இருபத்திரண்டாம் நாளும் பிள்ளையை இழுத்து உட்காரவைக்க வேண்டியிருக்கிறதே என்று கலங்கும் அம்மா, அப்பாக்களே, இதைக் கேளுங்கள்: இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் உருவாவது பெரிதாகக் கெட்டுவிடவில்லை என்றும் அந்த ஆய்வு கண்டது!