பழைய காருக்குப் புதிய சொக்: வாங்குமுன் அறிய வேண்டியவை

யாழ்ப்பாணத்தாருக்கு ஒஸ்ரின் ஏ-40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் கார்களை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை இயக்கி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடி, நோயாளரையும் பிள்ளைத்தாச்சிகளையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவை இவை. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டுப் புதிய கார்களின் விலை எட்டாத உயரத்துக்குப் போனபோது, இருக்கும் பழைய காரைத் திருத்தி ஓடுவதே பலருக்கு வழியாயிற்று.

கார் அதேதான். வீதிதான் மாறிவிட்டது. போர் முடிந்தபின் ஏ-9 வீதியும் குடாநாட்டின் பிரதான வீதிகளும் கார்ப்பெற் வீதிகளாயின. கிடங்குகளுக்குப் பயந்து மெதுவாக ஊர்ந்த கார் இன்று மணிக்கு 70 கிலோமீற்றரில் போகிறது. வேகம் 40இலிருந்து 70 ஆனால், நிறுத்தும்போது பிறேக் அடக்கவேண்டிய சக்தி மூன்று மடங்காகிறது. மொறிஸ் மைனரின் நான்கு சில்லுகளிலும் இருப்பதோ பழைய ட்ரம் பிறேக். அந்தப் பிறேக் பிடிக்கவேண்டுமானால் ரயர் வீதியை விட்டு எழும்பக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்வது சொக் அப்சோபர். ஆகவே சொக் சொகுசுச் சாமான் அல்ல, உயிர் காக்கும் சாமான்.

சொக் செய்யும் வேலை

காரின் பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். சொக் பாரம் தாங்குவதில்லை. பள்ளத்தில் அமர்ந்த ஸ்பிரிங் திரும்பத் திரும்ப ஆடாமல், அந்த ஆட்டத்தை எண்ணெயின் தடையால் அடக்கி வெப்பமாக்கிவிடுவதே அதன் வேலை. இதை அறியாததால்தான் பலர் ஏமாறுகிறார்கள். பின்பக்கம் தாழ்ந்துபோன காருக்கு ‘கட்டியான சொக் போட்டால் எழும்பிவிடும்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அங்கே களைத்துப்போனது ஸ்பிரிங் தகடு. அதை விட்டுவிட்டுச் சொக்குக்குக் காசு செலவழித்தால் காசும் போகும், குறையும் தீராது.

வீட்டிலேயே பார்க்கலாம்

காரின் ஒரு மூலையை இரண்டு கையாலும் பலமாக அமுக்கி விடுங்கள். எழும்பி ஒரு தடவை அமர்ந்து நின்றால் நல்லது. இரண்டு மூன்று தடவை ஆடினால் சொக் தளர்ந்துவிட்டது. பிறேக் பிடிக்கும்போது மூக்குக் குத்துவது, வளைவில் பின்பக்கம் அலைவது, ரயர் வட்டம் வட்டமாகத் தேய்வது ஆகியவையும் அடையாளங்களே. குனிந்து பாருங்கள்: சொக்கின் உடம்பில் வெள்ளைப் புழுதி காய்ந்து படிந்திருந்தால் குறையில்லை. அதே புழுதி எண்ணெயில் ஊறிக் கறுத்த களியாக ஒட்டியிருந்தால் சீல் போய்விட்டது.

இந்தக் கார்களில் பெரும்பாலும் இருப்பது லீவர் சொக். நீண்ட குழாய் வடிவச் சொக் அல்ல. இரும்புக் கூட்டிலிருந்து ஒரு கை நீட்டிக்கொண்டிருப்பது. மொறிஸ் மைனரிலும் ஏ-40இலும் முன்பக்க லீவர் சொக்கின் அந்தக் கைதான் சில்லைப் பிடித்திருக்கும் மேற்கையும். ஆகவே அதன் புஸ் தேய்ந்தால் ஓட்டம் குலுங்குவதோடு முடியாது. சில்லே சரியத் தொடங்கும். காரை ஜக்கில் உயர்த்தி, அடியில் உறுதியான தாங்கியும் வைத்தபின், சில்லின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் சொக்கின் புஸ்ஸையும் கிங்பின்னையும் சேர்த்துச் சோதிக்கச் சொல்லுங்கள். மைனரின் கீழ் மூட்டுக்கு ஒழுங்காகக் கிறீஸ் அடிக்காவிட்டால் அது கழன்று முன்சில்லே மடங்கிவிடும். அந்தக் காரின் பேர்போன பலவீனம் அது.

எதைத் தெரிவுசெய்வது?

முதல் தெரிவு, உங்கள் காரில் உள்ள லீவர் சொக்கையே மறுசீரமைப்பது. புதிய சீல், புஸ், தேவையானால் புதிய தண்டு போட்டு அதை மீட்கலாம். லீவர் சொக்குக்குரிய எண்ணெயையே விடவேண்டும். பிறேக் எண்ணெய் விடுவது தவறு. எண்ணெய் விடும் மூடியைத் திறக்குமுன் சுற்றியுள்ள மண்ணைத் துடையுங்கள். ஒரு மணல் துகள் உள்ளே போனாலும் வால்வு கெடும். பூட்டுமுன் சொக்கின் கையை முழு வீச்சுக்கும் அசைத்துப் பாருங்கள். எங்கும் ஒரே சீரான தடை இருக்கவேண்டும். இடையில் தடையற்ற வெற்று அசைவு இருந்தால் காற்றோ எண்ணெய்க் குறைவோ இருக்கிறது.

இரண்டாவது தெரிவு, பின்பக்கத்துக்கு நீண்ட குழாய் வடிவ ரெலிஸ்கோபிக் சொக் போடுவது. செய்யலாம், ஆனால் அளவு பிழைத்தால் ஆபத்து. சில்லு முழுதாக மேலே ஏறும்போதும் முழுதாகக் கீழே இறங்கும்போதும் உள்ள நீளங்களை அளந்து, அதற்குள் அடங்கும் சொக்கையே வாங்கவேண்டும். இறப்பர் முட்டுக்கு முன் சொக் முட்டினால் அது உடையும், இல்லையேல் பிடித்திருக்கும் தகட்டைப் பிய்க்கும். சாதாரண இரட்டைக் குழாய்ச் சொக்கைப் படுக்கையாகப் பூட்டினால் உள்ளே காற்றுப் புகுந்து வேலை செய்யாது, நிமிர்வாகவே பூட்டவேண்டும்.

மேல்முனையை எங்கே பூட்டுகிறார்கள் என்பதை நின்று பாருங்கள். பண்ணைப் பாலத்தாலும் பொன்னாலைப் பாலத்தாலும் தீவுப்பக்கம் போய்வரும் கார்களின் அடித்தகட்டை உப்புக்காற்று அரிக்கும். வெளியே வர்ணம் பளபளக்கும், உள்ளே தகடு காகிதமாய் இருக்கும். அந்தத் தகட்டில் ஒரு துண்டு இரும்பை ஒட்டிச் சொக்கைத் தொங்கவிட்டால், ஒருநாள் ஒட்டோடு பெயர்ந்து வரும். துருவை வெட்டி எடுத்துப் பலமான தகடு போட்டபின்பே பூட்ட விடுங்கள்.

கட்டியான சொக் எல்லாம் நல்ல சொக் அல்ல. அளவுக்கு மீறிக் கட்டியானால் உள்வீதிகளில் சில்லு துள்ளிப் பிடி இழக்கும், பழைய உடம்பும் வெடிக்கும். ஒரே அச்சின் இரு பக்கமும் ஒரே வகையாக, சோடியாகவே மாற்றுங்கள். டீசல் எஞ்சின் மாற்றிப் பூட்டிய காரென்றால் முன்பாரம் வேறு. அதைச் சொல்லியே வாங்குங்கள். எஞ்சின் மாற்றம் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவில் ஏறியிருக்கவேண்டும். எஞ்சினையோ சொக் அமைப்பையோ மாற்றியிருந்தால் காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் அறிவியுங்கள். மறைத்தால், விபத்தின் பின் நட்டஈடு மறுக்க அது காரணமாகலாம்.

உங்கள் உரிமை

பாவித்த சொக்கைக் கழுவி வர்ணம் அடித்துப் புதியதென்று விற்பது மோசடி. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் பொருளின் தரம், புதுமை பற்றிப் பொய் சொல்லி விற்பதைத் தடைசெய்கிறது. கேட்டால் பற்றுச்சீட்டுத் தரவேண்டியது விற்பவரின் சட்டக் கடமை. கராஜ் வேலைக்கும் இச்சட்டம் பொருந்தும்: வேலை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்யப்படவேண்டும், பூட்டும் சாமான் அந்தத் தேவைக்குப் பொருந்தவேண்டும்.

இந்த உரிமை கைகொடுக்கவேண்டுமானால் எழுத்து வேண்டும். எந்தக் கார், எந்த ஆண்டு, என்ன எஞ்சின், என்ன தேவை என்பதைச் சொல்லி, பற்றுச்சீட்டில் எழுதுவியுங்கள். புதியதா, பாவித்ததா, மறுசீரமைத்ததா என்பதும், உத்தரவாதம் எத்தனை மாதம் என்பதும் அதில் இருக்கட்டும். கழற்றிய பழைய சொக் உங்கள் சொத்து. கையோடு கேட்டு வாங்குங்கள். பழைய லீவர் சொக்கின் கூடு மறுசீரமைப்புக்கு விலை போகும் சாமான். முறைப்பாடு வந்தால் அதுவே சாட்சியும் ஆகும்.

பிழைத்துவிட்டால்

முதலில் விற்றவரிடமும் பூட்டியவரிடமும் போங்கள். வேறு இடத்தில் கழற்றித் திருத்துமுன் குறையைப் படம் எடுங்கள், மற்றொரு மெக்கானிக்கின் கருத்தை எழுத்தில் பெறுங்கள். தீர்வு கிடைக்காவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் வழி கேட்கலாம். விசாரித்து, மாற்றுப் பொருளோ பணமோ நட்டஈடோ கொடுக்கும்படி உத்தரவிட அச்சபைக்கு அதிகாரம் உண்டு. ஆனால் வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறையிடவேண்டும். ‘தெரிந்த பொடியன்தானே, பார்ப்போம்’ என்று நாளைக் கடத்தி உரிமையை இழப்பவர்களே அதிகம்.

இந்த வாரமே உங்கள் காரின் நான்கு மூலைகளையும் அமுக்கிப் பாருங்கள். ஆடினால், திருத்தும்வரை வேகத்தைக் குறையுங்கள். திருத்தப் போகும்போது பற்றுச்சீட்டு இல்லாமல் காசு கொடுக்காதீர்கள்.