பக்கத்திலேயே ஓடும் காருக்குப் பேட்டரி ஏன் சீக்கிரம் போகிறது?

அதிகாலை 5.30 மணி. அம்மாவை டயாலிசிஸ் மையத்துக்கு அழைத்துப் போக வேண்டும். சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' என்ற சத்தம் மட்டும்தான் கேட்கிறது. தாமானில் இருப்பவர் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டலாம், வாடகை வண்டியை அழைக்கலாம். பிரதான சாலையிலிருந்து தள்ளி, தோட்டத்து லயத்தில் இருப்பவருக்கு அந்த நேரத்தில் அதற்கும் வழியில்லை.

“காடியை நேற்றுகூட எடுத்தேனே, எப்படி பேட்டரி போகும்?” என்றுதான் பலரும் கேட்கிறார்கள். நேற்று எவ்வளவு தூரம் ஓடியது என்பதைப் பார்த்தால் பதில் கிடைக்கும். காலையில் பள்ளிக்கு 2 கிலோமீட்டர், பிறகு மார்க்கெட்டுக்கு 3 கிலோமீட்டர், மாலையில் கோயிலுக்கு 1 கிலோமீட்டர். நாளெல்லாம் ஓடியது போல் தெரிந்தாலும், பேட்டரிக்கு அது பற்றாக்குறை நாள்தான்.

வரவும் செலவும்

இயந்திரத்தைக் கிளப்புவதுதான் பேட்டரியைத் தின்கிறது என்று பலர் நினைக்கிறோம். சிறிய காரின் ஸ்டார்ட்டர் ஏறக்குறைய 150 ஆம்பியர் இழுப்பது உண்மைதான். ஆனால், அது ஓரிரு விநாடிக்கு மட்டுமே. கணக்குப் போட்டால் ஒரு முறைக்கு 0.1 ஆம்பியர்-மணிகூட ஆவதில்லை.

சத்தமில்லாத செலவு வேறு இடத்தில் இருக்கிறது. பூட்டி நிறுத்திய காரிலும் அலாரம், கடிகாரம், கணினி ஆகியவை விழித்திருக்கின்றன. அவை 30 மில்லி ஆம்பியர் எடுத்தால் ஒரு நாளைக்கு 0.7 ஆம்பியர்-மணி போகும். 2 வாரத்தில் அது 10 ஆம்பியர்-மணி. சிறிய காரின் பேட்டரி மொத்தமே 35 முதல் 40 ஆம்பியர்-மணிதான். ஓட்டாமலேயே கால்பங்கு காலி! இரவெல்லாம் பதிவு செய்யும் டேஷ்கேம் இருந்தால் சில நாளிலேயே இந்த நிலை வந்துவிடும்.

வரவோ குறைவு. இயந்திரம் மெதுவாகச் சுற்றும்போது ஆல்டர்னேட்டர் தரும் மின்சாரம் குறைகிறது. அதிலும் குளிர்சாதனக் காற்றாடி, ரேடியேட்டர் காற்றாடி, மழை என்றால் வைப்பர், முன்விளக்கு என ஒவ்வொன்றும் பங்கு கேட்கும். பழைய வகை முன்விளக்குகள் இரண்டுக்கு மட்டும் 9 ஆம்பியர் வேண்டும். மிச்சம்தான் பேட்டரிக்கு.

மேலும், ஈய-அமில பேட்டரி ஏறக்குறைய 80 விழுக்காடு வரை வேகமாக நிரம்பும். கடைசிப் பகுதி நிரம்பப் பல மணி நேரம் ஆகும். 5 நிமிடப் பயணங்களில் அந்தக் கட்டத்தை எட்டவே முடியாது.

அரைகுறையாக இருந்தால் என்ன?

முழுமையாக நிரம்பாத பேட்டரியின் ஈயத் தகடுகளில் ஈய சல்பேட் என்னும் படிகம் படிகிறது. உடனே நிரப்பினால் கரைந்துவிடும். வாரக்கணக்கில் விட்டால் இறுகிவிடும். அந்த அளவுக்குப் பேட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும். நம் நாட்டு வெப்பமும் சேர்ந்துகொள்கிறது. குளிர் நாடுகளில் 4, 5 ஆண்டு தாங்கும் பேட்டரி இங்கே 2 ஆண்டு தாங்கினாலே நல்லது என்பது இதனால்தான். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கி, கார்கள் வீட்டிலேயே கிடந்தபோது இதைப் பலர் நேரில் பார்த்தோம்.

காலையில் 10 நிமிடம் ஓடவிட்டால் போதுமா?

போதாது. நின்ற இடத்தில் ஓடவிட்டால் பெட்ரோல்தான் தீரும், பேட்டரிக்குச் சேர்வது சொற்பம். சுவர் அடைத்த போர்ச்சில் ஓடவிட்டால் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு உயிருக்கே ஆபத்து.

என்ன செய்யலாம்?

வேலைகளை ஒரே சுற்றில் முடியுங்கள். மார்க்கெட், கடை, வங்கி என்று மூன்று முறை கிளம்புவதற்குப் பதில் ஒரே முறை போய் வரலாம். வாரத்துக்கு ஒரு முறையாவது பெரிய சாலையில் 30 அல்லது 40 நிமிடம் நிற்காமல் ஓட்டுங்கள்.

மல்டிமீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள். விலை அதிகமில்லை. இரவெல்லாம் நின்ற காரில், காலையில் கிளப்பும் முன் அளந்து பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் பேட்டரி முழுமை. 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் ஏறக்குறைய காலி. இயந்திரம் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். புதிய கார்கள் சிலவற்றில் கணினியே இதைக் கூட்டிக் குறைக்கும். எப்போதுமே 13-க்குக் கீழே நின்றால் ஆல்டர்னேட்டரையோ பெல்ட்டையோ பார்க்கச் சொல்லுங்கள்.

நீண்ட தூரம் ஓட்ட வாய்ப்பே இல்லாத ஓய்வுபெற்றவர்களுக்குத் தானே நிறுத்திக்கொள்ளும் சார்ஜர் நல்ல துணை. மாதம் ஒரு முறை இரவு முழுதும் போட்டால் போதும். காற்றோட்டமான இடத்தில் போடுங்கள். அருகில் சிகரெட் கூடாது, பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் தீப்பற்றும். சிவப்பு விளக்கில் தானே அணைந்து மீண்டும் ஓடும் வகைக் கார்களுக்குப் பேட்டரியும் வேறு வகை. அதற்குப் பொருந்தும் சார்ஜரைக் கேட்டு வாங்க வேண்டும்.

தோட்டத்துக்குள்ளேயே ஓடும் கப்சாய் மோட்டார் சைக்கிளுக்கும் இதே கதைதான். அதன் பேட்டரி இன்னும் சிறியது. கிக் இருந்தால் காலையில் முதல் முறை காலால் உதைத்தே கிளப்புங்கள்.

ஆல்டர்னேட்டரைச் சோதிக்க, ஓடும் இயந்திரத்தில் பேட்டரி வயரைக் கழற்றிப் பார்க்கும் பழைய பழக்கம் இன்றைய கார்களுக்கு ஆகாது. திடீரென மின்னழுத்தம் எகிறி, கணினியே கெட்டுவிடலாம்.

மாற்றும் முன் ஒரு கேள்வி

காலியான பேட்டரி வேறு, கெட்டுப்போன பேட்டரி வேறு. “பேட்டரி போச்சு” என்று யாராவது சொன்னால், “முழுதாகச் சார்ஜ் செய்து சோதித்தீர்களா?” என்று கேளுங்கள். நிரப்பிய பிறகும் ஒரே இரவில் இறங்கினால் மாற்றத்தான் வேண்டும். நிமிர்ந்து நின்றால், ஏறக்குறைய 200 ரிங்கிட் உங்கள் பையிலேயே இருக்கும். ஒன்றரை ஆண்டு தாண்டிய பேட்டரி என்றால், தீபாவளிக்கு ஊருக்குக் கிளம்பும் முன் சோதித்துவிடுங்கள். சாவியைத் திருப்பும்போது இயந்திரம் வழக்கத்தைவிட மெதுவாகச் சுற்றினால், அது பேட்டரி தரும் முன்னறிவிப்பு. அம்மாவுக்கு மருத்துவமனை நாள் வரும்வரை அதைத் தள்ளிப்போட வேண்டாம்.