கொள்ளிடத்து முதலைகளும் கரையோர ஊர்களும்

அண்டை உயிர்கள் – 9

கடலூரிலிருந்து செம்மங்குப்பம் வழியாகத் தெற்கே செல்லும் நெடுஞ்சாலை வெள்ளாற்றைத் தாண்டிச் சிதம்பரத்தை நெருங்கும்போது, காவிரிப் பாசனத்தின் கடைமடைக்கு உரிய நெல்வயல்களும் வாய்க்கால்களும் தொடங்குகின்றன. முந்தைய பகுதிகளில் பேசப்பட்ட மயிலும் காட்டுப்பன்றியும் விளைச்சலைத் தின்று உழவரை நட்டப்படுத்துபவை. இந்தக் கடைமடையிலோ ஆற்றில் இறங்குவோரின் உயிருக்கே ஊறு செய்யவல்ல முதலை, ஊருக்கு மிக அருகில் வாழ்கிறது. வேளக்குடி, அகரநல்லூர், வல்லம்படுகை முதலிய ஊர்களின் மக்கள் குளிப்பதற்கும் துணி துவைப்பதற்கும் மாடு ஓட்டிச் செல்வதற்கும் பயன்படுத்திவரும் பழைய கொள்ளிடத்தில் முதலை இழுத்துச் சென்று இறந்தவர்கள் உண்டு.

இங்குள்ளது சதுப்புநில முதலை எனப்படும் நன்னீர் இனமாகும். தோலுக்காக வேட்டையாடப்பட்டு நாடெங்கும் அருகிப்போன முதலை இனங்களை மீட்பதற்காக 1975-இல் ஐ.நா. அமைப்புகளின் உதவியுடன் இந்திய அரசு பாதுகாப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இவ்வினத்தை முதல் அட்டவணையில், அதாவது மிக உயர்ந்த பாதுகாப்புக்குரிய விலங்குகளின் வரிசையில் வைத்திருக்கிறது. மனித உயிருக்கு ஆபத்தாகிவிட்ட ஒரு தனி முதலையைப் பிடிக்கவோ கொல்லவோ மாநிலத்தின் தலைமை வன உயிரினக் காப்பாளர் எழுத்துமூலம் ஆணையிடலாம் என்றாலும், பயத்தின் பேரில் ஓர் ஆற்றின் முதலைகளையெல்லாம் அப்புறப்படுத்த அச்சட்டத்தில் இடமில்லை.

முதலை ஊருக்குள் வருவதற்குக் கொள்ளிடத்தின் அமைப்பே முதற்காரணம். காவிரியில் பெருகிவரும் உபரி நீர் முக்கொம்பில் கொள்ளிடத்துக்குத் திருப்பப்பட்டு, அணைக்கரையின் கீழணையைக் கடந்து கடலுக்குச் செல்வதால், இந்த ஆறு ஆண்டின் ஒரு பகுதியில் வெள்ளக்காடாகவும் மறுபகுதியில் ஆங்காங்கே மடுக்கள் மட்டும் எஞ்சிய மணற்பரப்பாகவும் கிடக்கிறது. கோடையில் முதலைகளும் மக்களும் மாடுகளும் அதே மடுக்களை நாட வேண்டியிருக்கிறது. மணல் அள்ளிய ஆழ்குழிகள் இம்மடுக்களின் எண்ணிக்கையைக் கூட்டியுள்ளன. கரையில் குழி தோண்டி முட்டையிட்டுக் காவல் இருக்கும் பெண் முதலை, அக்குழியை நெருங்குவோரைத் துரத்துவதும் இந்தக் கோடையில்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாய்க்காலும் குளமும் ஒன்றாகிவிடும்போது, நீரோடு வந்த முதலை தெருவிலும் வீட்டுத் தோட்டத்திலும் கிடக்கக் காணப்படுகிறது.

தகவல் கிடைத்ததும் சிதம்பரம் வனத்துறையினர் வந்து பிடிக்கும் முறை, முதலையின் உடலமைப்பை அறிந்து உருவானது. தாடையை மூடும் தசைகள் எலும்பை நொறுக்கும் வலிமை உடையவை. திறக்கும் தசைகளோ வலுக்குறைந்தவை என்பதால், வாயைச் சுற்றி ஒரு கயிறு விழுந்துவிட்டால் ஆபத்தின் பெரும்பகுதி நீங்கிவிடுகிறது. கண்ணை ஈரச் சாக்கால் மூடினால் அது துள்ளுவதும் குறைகிறது. அதன்பின் கால்களைக் கட்டி, வண்டியில் ஏற்றி, சிதம்பரத்துக்குக் குடிநீர் தரும் வக்காரமாரி நீர்த்தேக்கத்தில் விடுவது பல்லாண்டு வழக்கமாக இருந்துவருகிறது.

இவ்வழக்கம் அன்றைய இரவின் அச்சத்தைப் போக்குகிறதே தவிர, ஆற்றங்கரையின் ஆபத்தைக் குறைப்பதில்லை. பிடிபட்ட முதலை விட்டுச்சென்ற மடுவை வேறொன்று பிடித்துக்கொள்ளலாம். விடப்பட்ட முதலையும் விட்ட இடத்திலேயே தங்கிவிடும் என்பதற்கு உறுதியில்லை. ஆஸ்திரேலியாவின் கேப் யார்க் தீபகற்பத்தில் செயற்கைக்கோள் கருவி பொருத்தி மேற்கொள்ளப்பட்டு 2007-இல் வெளியான ஆய்வில், ஹெலிகாப்டரில் மறு கரைக்குக் கொண்டுசெல்லப்பட்ட உவர்நீர் முதலை ஒன்று, கடலோரமாக 400 கிலோமீட்டருக்கு மேல் நீந்தி 20 நாளில் தன் பழைய ஆற்றுக்கே திரும்பியது. நன்னீர் முதலை அத்தனை தொலைவு கடல்நீச்சல் போடுவதில்லை என்றாலும், வாய்க்கால்களால் பின்னப்பட்ட கடைமடையில் அது திரும்பி வருவதற்குக் கடலும் தேவையில்லை.

ஆகவே முதலையை இடம் மாற்றுவதைவிட, மனிதர் நீரில் இறங்கும் இடத்தை மாற்றியமைப்பதே பயன்தரும் வழியாகத் தோன்றுகிறது. முதலை பதுங்கித் தாக்கும் விலங்கு. கண்ணும் செவியும் மூக்கும் தலையின் மேற்புறத்தில் ஒரே மட்டத்தில் அமைந்திருப்பதால், உடல் முழுவதையும் கலங்கல் நீருக்குள் மறைத்துக்கொண்டு, ஒரே துறையில் நாள்தோறும் ஒரே நேரத்தில் இறங்கும் இரையை அதனால் கவனிக்க முடிகிறது. இலங்கையின் மாத்தறைப் பகுதியில் நில்வளா ஆற்றின் துறைகளைச் சுற்றி நீருக்குள் கழிகளை நெருக்கமாக நட்டு அடைப்பு அமைக்கும் பழக்கம் இந்த இயல்பை முறியடிப்பதற்காகவே ஏற்பட்டது. கொள்ளிடக் கரையின் ஒவ்வோர் ஊரிலும் அத்தகைய அடைப்புடன் கூடிய ஒரு படித்துறையும், ஆற்றை நாடாமல் குளிக்கவும் துவைக்கவும் கரைமேலேயே குழாய்நீரும், கால்நடைகளுக்குத் தண்ணீர்த் தொட்டியும் அமையுமானால், முதலையும் மனிதரும் சந்திக்கும் வேளைகள் வெகுவாகக் குறையும்.

குஜராத்தின் ஆனந்த், கேடா மாவட்டங்களில் ஊர்க் குளங்களிலேயே இதே இனம் வாழ்கிறது. முதலையை ஊர்தியாகக் கொண்ட கோடியார் அம்மனை வணங்கும் அம்மக்கள் அதனைத் துன்புறுத்துவதில்லை. எனினும் கொள்ளிடக் கரையில் உறவினரை இழந்த குடும்பங்களிடம் அத்தகைய பொறுமையை எதிர்பார்ப்பதற்குமுன், அச்சமின்றி இறங்குவதற்கு ஒரு துறையை அமைத்துத் தருவது அரசின் கடமையாகும். பாதுகாப்புச் சட்டம் முதலைக்கு அளித்துள்ள காப்பின் செலவை, வீட்டில் குழாய் இல்லாத காரணத்தால் ஆற்றுக்குப் போகிறவர்கள் மட்டுமே சுமப்பது முறையாகாது.

(அடுத்த இதழில்: நெற்பயிரும் நீர்ப்பறவைகளும்)