திரும்பி வரும் 10 ரூபாய்... திரும்பி வராத 10 ரூபாய்! பீர் பிரியர்களுக்கு டாஸ்மாக்கால் லாபமா, நஷ்டமா?

பெரம்பலூர் மாவட்டத்து டாஸ்மாக் கடையில் பீர் வாங்குபவர்களுக்கு ஒரு கூடுதல் கணக்கு உண்டு. பாட்டில் விலையோடு 10 ரூபாய் சேர்த்துக் கொடுக்க வேண்டும். குடித்து முடித்து, ஸ்டிக்கர் ஒட்டிய காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்த 10 ரூபாய் கைக்கு வந்துவிடும். நீலகிரியில் 2022 மே மாதம் தொடங்கிய காலி பாட்டில் திட்டம், அடுத்த கட்டமாகச் சமவெளிக்கு இறங்கியபோது தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டங்களில் பெரம்பலூரும் ஒன்று.

இது திரும்பி வரும் 10 ரூபாய். தமிழகம் முழுக்க மதுப்பிரியர்கள் வருடக்கணக்காகப் புலம்பும் இன்னொரு 10 ரூபாயும் இருக்கிறது. பாட்டிலில் அச்சிட்ட விலைக்கு மேல் கேட்கப்படும் 10 ரூபாய். அது போனால் போனதுதான்.

ஒரே முதலாளியிடம் எல்லாக் கடைகளும் இருந்தால் வாடிக்கையாளருக்கு என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதை இந்த இரண்டு பத்து ரூபாய்களை வைத்தே சொல்லிவிடலாம்.

ஒரே முதலாளி, எல்லாக் கடைகளும்

தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம், அதாவது டாஸ்மாக், 1983-ல் எம்.ஜி.ஆர் ஆட்சியில் மொத்த வியாபாரத்துக்காகத் தொடங்கப்பட்டது. 2003 நவம்பரில், ஜெயலலிதா ஆட்சியில், சில்லறைக் கடைகளும் அதன் கைக்கு வந்தன. அதுவரை ஏலம் எடுத்து நடத்திய தனியார் கடைகள் மறைந்தன.

2016, 2017, 2023 என மூன்று முறை தலா 500 கடைகள் மூடப்பட்டன. 2023 ஜூனில் நடந்த மூடலுக்குப் பிறகு மிச்சமிருந்தவை 4,829 கடைகள். கடைகள் குறைந்தாலும் வருமானம் குறையவில்லை. 2023-24-ல் மட்டும் அரசுக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வந்தது.

சிமென்ட் ஆலைகளும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் உள்ள அரியலூரிலும், மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் பெரம்பலூரிலும் லாரி ஓட்டுநர், ஆலைத் தொழிலாளி, விவசாயி எல்லோரும் போய் நிற்பது இதே கவுன்டரில்தான். பக்கத்துக் கடைக்குப் போகலாம் என்றால், அதுவும் டாஸ்மாக்தான்.

லாபக் கணக்கு

முதல் லாபம், விலை. அரியலூரில் ஒரு விலை, சென்னையில் ஒரு விலை என்பது கிடையாது. திருவிழா, தேர்தல், திருமண சீசன் என்று காரணம் சொல்லி அச்சிட்ட விலையை யாரும் மாற்ற முடியாது.

இரண்டாவது, சரக்கின் நம்பகம். உரிமம் பெற்ற ஆலையிலிருந்து அரசு கிடங்கு வழியாக, சீல் உடையாமல் கடைக்கு வருகிறது. இதன் மதிப்பு என்ன என்பதை 2023 மே மாதம் மரக்காணமும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியும் காட்டின. மெத்தனால் கலந்த சாராயம் கள்ளக்குறிச்சியில் மட்டும் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. பெரம்பலூரிலிருந்து கள்ளக்குறிச்சி ரொம்ப தூரமில்லை. ஆனால், இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. அரசு கடையில் மலிவான குவார்ட்டரே 140 ரூபாய் என்றிருந்த நிலையில், அதைவிடக் குறைவான விலைக்குக் கிடைத்த பாக்கெட் சாராயத்தை ஏழைத் தொழிலாளிகள் தேடிப்போனார்கள்.

மூன்றாவது, காலி பாட்டில். ஏரிக்கரையிலும் வயல் வரப்பிலும் உடைத்துப் போட்ட பீர் பாட்டில் யார் காலைக் கிழிக்கும்? வெங்காயத்துக்குக் களையெடுக்க வெறுங்காலோடு இறங்கும் பெண்ணின் காலை. மேய்ச்சலுக்குப் போன ஆட்டின் காலை. 10 ரூபாய் திரும்பக் கிடைக்கும் என்றால் பாட்டிலை உடைக்க மனசு வராது. குடித்தவர் போட்டுவிட்டுப் போனாலும், வேறொருவர் பொறுக்கிக்கொண்டு போய்க் கொடுத்துக் காசாக்கிவிடுவார். ஒரே நிறுவனத்தின் கடைகள் என்பதால்தான் இப்படியொரு திட்டத்தை மாவட்டம் முழுக்க ஒரே நாளில் அமல்படுத்த முடிகிறது. ஆளுக்கொரு கடையாக இருந்தால், அவன் பாட்டிலை இவன் வாங்க மாட்டான்.

கவனிக்க வேண்டிய விஷயம், இந்தத் திட்டம் டாஸ்மாக்கின் சொந்த யோசனை அல்ல என்பது. மலைக்காட்டில் யானைகளின் காலைக் கிழிக்கும் கண்ணாடியைத் தடுக்க சென்னை உயர் நீதிமன்றம் அழுத்தம் கொடுத்ததால் வந்தது.

நஷ்டக் கணக்கு

மதுப்பிரியர்களின் முதல் குறை, கேட்ட பிராண்ட் கிடைக்காது என்பது. இருப்பதை வாங்கிக்கொண்டு போக வேண்டும். கத்திரி வெயிலில் பெரம்பலூரும் அரியலூரும் கொதிக்கும்போது பீருக்குக் கிராக்கி ஏறும். அப்போது கூலிங் இல்லாத பாட்டில்தான் கைக்கு வரும். வேண்டாமென்று திரும்பினால் கடைக்கு எந்த நஷ்டமும் இல்லை. அவர் மறுபடி இங்கேதான் வர வேண்டும்.

இரண்டாவது, உட்கார இடம். கடையை அரசு நடத்துகிறது. பக்கத்தில் உள்ள பாரை ஏலம் எடுத்த தனியார் நடத்துகிறார். அந்த ஏலமே தின்பண்டம் விற்கவும் காலி பாட்டில் சேகரிக்கவுமான உரிமைக்குத்தான். அதனால் தண்ணீர் பாட்டில், பிளாஸ்டிக் கப், சுண்டல், ஆம்லெட் எல்லாமே அவர் சொல்லும் விலைக்கு. கழிப்பறை, காற்றோட்டம், சுத்தமான மேஜை எல்லாம் பல இடங்களில் பெயருக்குக்கூட இல்லை. பார் இல்லாத கடை என்றால் கடை வாசலும், புளிய மரத்தடியும், மூடிக்கிடக்கும் கட்டடத்தின் திண்ணையும்தான் பார்.

மூன்றாவது, கடை இருக்கும் இடம். தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிறிய ஊர்களுக்கு அந்தத் தூரம் பிறகு 220 மீட்டராகக் குறைக்கப்பட்டது. சென்னை - திருச்சி நெடுஞ்சாலை பெரம்பலூரையும், திருச்சி - சிதம்பரம் சாலை அரியலூர் மாவட்டத்தையும் கடந்து செல்கின்றன. சாலை விபத்தைக் குறைக்க வந்த நல்ல தீர்ப்புதான். ஆனால், நெடுஞ்சாலையோரக் கடைகள் ஊருக்குள்ளும் வயல்களுக்கு நடுவிலும் இடம் தேடியதால், 2017 முழுக்கத் தமிழகத்தின் பல ஊர்களில் பெண்கள் கடைகளை முற்றுகையிட்டார்கள்.

நான்காவது, அந்தத் திரும்பாத 10 ரூபாய். கேட்டால் பதில் தயார். உடைந்த பாட்டில் கணக்கு, மின்கட்டணம், ஏற்று இறக்குக் கூலி என்பார்கள். டாஸ்மாக்கில் வேலை செய்யும் 23,000-க்கும் மேற்பட்டவர்கள் தொகுப்பூதியத்தில் இருப்பவர்கள். கடைகள் அரசு கைக்கு வந்து இருபது வருடங்கள் கடந்தும் பணி நிரந்தரம் கேட்டுப் போராடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களின் கஷ்டம் உண்மை. ஆனால், அதற்கான விலையைப் பில் இல்லாமல் வாடிக்கையாளர் தலையில் கட்டுவது நியாயமில்லை. ராமநாதபுரம், ராணிப்பேட்டை மாவட்டங்களில் தொடங்கிய பில் போடும் முறை இதற்கு ஒரு மருந்தாகலாம். கையில் பில் இருந்தால் 10 ரூபாய்க்குக் கணக்குக் கேட்க முடியும்.

லண்டனில் எப்படி?

மலிவு விலையில், ஊர் ஊராகக் கிளை வைத்து மது விற்பது உலகத்துக்குப் புதிதல்ல. பிரிட்டனில் வெதர்ஸ்பூன் என்ற நிறுவனம் 1979-ல் வடக்கு லண்டனில் டிம் மார்ட்டின் என்பவர் தொடங்கிய ஒற்றை பப். இன்று சுமார் 800 பப்கள். பழைய சினிமா தியேட்டர், பழைய வங்கிக் கட்டடம் எல்லாம் பப்பாக மாறியிருக்கின்றன.

அங்கே ஏல் என்றொரு பீர் வகை உண்டு. பீப்பாயிலேயே நொதித்து, திறந்த சில நாள்களில் குடித்துவிட வேண்டிய உயிருள்ள பானம். நம்மூர் கள் போல என்று வைத்துக்கொள்ளலாம். அது அழிந்துவிடக் கூடாது என்று 1971-லேயே ‘கேம்ரா’ என்ற அமைப்பைத் தொடங்கிப் போராடியவர்கள் ஏல் பிரியர்கள்.

வெதர்ஸ்பூன் பற்றி அவர்களுக்குள் ஓயாத பட்டிமன்றம். மற்ற பப்களைவிடக் குறைந்த விலைக்கு ஏல் தருகிறது, காலையிலேயே டிபன், காபி கிடைக்கிறது, குழந்தைகளோடு போய்ச் சாப்பிடலாம் என்கிறது ஒரு தரப்பு. அந்த விலைக்கு விற்க முடியாமல் தெருமுனைச் சின்ன பப்கள் மூடுகின்றன, சிறு தயாரிப்பாளர்கள் விலையைக் குறைக்க வேண்டியிருக்கிறது, எந்த ஊருக்குப் போனாலும் ஒரே மாதிரி இருக்கிறது என்கிறது எதிர்த்தரப்பு.

அந்தப் பட்டிமன்றம் அங்கே நடக்கக் காரணம், பிடிக்காதவர் எதிர்த்த பப்புக்குப் போகலாம் என்பதுதான். அந்தப் பயத்தில்தான் கழிப்பறை சுத்தமாக இருக்கிறது. பம்ப்பின் மேலேயே ஆல்கஹால் எத்தனை சதவிகிதம் என்று எழுதியிருக்கிறது.

இங்கே அந்த எதிர்க்கடை இல்லை. கள் இறக்க 1987 ஜனவரி 1 முதல் தடை. கேரளாவில் கள்ளுக்கடை உண்டு. புதுச்சேரியிலும் பெங்களூருவிலும் அங்கேயே பீர் காய்ச்சிக் கொடுக்கும் மைக்ரோ ப்ரூவரிகள் உண்டு. தமிழகத்தில் கள்ளுக்கு அனுமதி கேட்டுக் கள் இயக்கத்தினர் பல வருடங்களாகக் குரல் கொடுத்துவருகிறார்கள். கள்ளும் போதைதான் என்பது எதிர்வாதம். எது சரி என்பது ஒருபக்கம் இருக்கட்டும். பீர் குடிப்பவருக்குப் பெரும்பாலும் கிடைப்பது சில கம்பெனிகளின் பாட்டில் பீர்தான், அதிலும் பெரும்பாலும் ஸ்ட்ராங்தான் என்பது நிலவரம்.

‘பீர்தானே!’ என்பது சரியா?

வீடுகளில் அடிக்கடி கேட்கும் சமாதானம் இது. பீர்தானே, உடம்புக்குக் குளிர்ச்சி என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் வேறு.

* 650 மி.லி. ஸ்ட்ராங் பீரில் 8 சதவிகிதம் ஆல்கஹால் என்றால், உள்ளே போகும் சுத்த ஆல்கஹால் 52 மி.லி.

* 180 மி.லி. குவார்ட்டரில் 42.8 சதவிகிதம் என்றால் 77 மி.லி.

* லண்டன் பப்பில் 4 சதவிகித ஏல் ஒரு பைன்ட், அதாவது 568 மி.லி. என்றால் 23 மி.லி. மட்டும்.

அதாவது, ஒரு ஸ்ட்ராங் பீர் என்பது குவார்ட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. லண்டன்காரர் இரண்டு பைன்ட் குடித்தாலும் இதைத் தொட முடியாது. இரண்டு ஸ்ட்ராங் பீர் குடித்தவர், ஒரு குவார்ட்டரைத் தாண்டிவிட்டார்.

வண்டி ஓட்டுபவர்கள் இதை இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். 100 மி.லி. ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். முதல் முறை பிடிபட்டாலே 10,000 ரூபாய் வரை அபராதம், 6 மாதம் வரை சிறை. சராசரி உடல்வாகு உள்ள ஒருவர் ஒரு ஸ்ட்ராங் பீரை ஒரு மணி நேரத்தில் குடித்தால், இந்த அளவைப்போல இரண்டு மடங்கைத் தாண்டிவிடலாம். அது இறங்க நான்கு மணி நேரம்கூட ஆகலாம். மோர் குடித்தாலும், எலுமிச்சை பிழிந்து குடித்தாலும், முகம் கழுவினாலும் அது சீக்கிரம் இறங்காது. கடை ஊருக்கு வெளியே, பஸ் இல்லாத இடத்தில் என்றால் வந்தவர் எப்படித் திரும்புவார்? பைக்கில்தான்.

வீட்டுக் கணக்கு

2024 பிப்ரவரியில் 650 மி.லி. பீருக்கு 10 ரூபாய் ஏற்றப்பட்டது. சாதாரண பீரே 150 ரூபாயைத் தாண்டிவிட்டது. நூறு நாள் வேலைக்கு 2025-26-ல் தமிழகத்துக்கு அறிவிக்கப்பட்ட தினக்கூலி 336 ரூபாய். கணவர் இரண்டு பீரும் ஒரு சைடு டிஷ்ஷும் வாங்கினால், மனைவி ஒரு நாள் முழுக்க ஏரியில் மண் வெட்டிய கூலி போய்விடும். வாரத்துக்கு இரண்டு நாள் என்றால் மாதத்துக்கு எட்டு, ஒன்பது நாள் உழைப்பு. மளிகைக் கடை பாக்கியும் பிள்ளைகளின் பஸ் காசும் இதிலிருந்துதான் வர வேண்டும்.

எனவே, டாஸ்மாக் நன்றாக நடக்கிறதா என்பது குடிப்பவர்களின் பிரச்னை மட்டுமல்ல. குடிக்காதவர்கள் கேட்க வேண்டிய கேள்வியும்கூட. அச்சிட்ட விலைக்கு விற்பது, எல்லாக் கடையிலும் பில் கொடுப்பது, ஆல்கஹால் சதவிகிதத்தைக் கண்ணில் படும்படி எழுதி வைப்பது, ஸ்ட்ராங்குக்குச் சமமாக மைல்டு பீரையும் இருப்பு வைப்பது, பாருக்குக் கழிப்பறையும் தண்ணீரும் கட்டாயமாக்குவது என எதுவும் கஷ்டமான காரியம் அல்ல. மாவட்டம் முழுக்க பாட்டிலுக்கு ஸ்டிக்கர் ஒட்டிக் காலி பாட்டிலைத் திரும்ப வாங்க முடிந்த நிறுவனத்துக்கு இதெல்லாம் முடியாததா என்ன?

போட்டி இல்லாத கடையை வாடிக்கையாளரின் கோபம் அசைக்காது. நீதிமன்றமும் ஊர் மக்களும் கேட்டபோதுதான் அது அசைந்திருக்கிறது. பெரம்பலூரில் திரும்பி வரும் அந்த 10 ரூபாயே அதற்குச் சாட்சி.

(குடியை நிறுத்த விரும்புபவர்களும் அவர்களின் குடும்பத்தினரும் 14446 என்ற தேசிய போதை மீட்பு உதவி எண்ணையோ, 104 என்ற தமிழக மருத்துவ உதவி எண்ணையோ அழைக்கலாம். தினமும் அதிகமாகக் குடிப்பவர்கள் திடீரென நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு வரலாம் என்பதால் மருத்துவர் ஆலோசனையோடு நிறுத்துவதே பாதுகாப்பு.)