டிராக்டர் 'செல்ஃப்' எடுக்கலையா? புது மோட்டார் வாங்கும் முன் இதைப் பாருங்க!

உழவு நேரத்தில் பழைய டிராக்டர் ஸ்டார்ட் ஆகாவிட்டால், பலரும் முதலில் குறை சொல்வது செல்ஃப் மோட்டாரைத்தான். ஆனால் கோளாறு வேறு இடத்திலும் இருக்கலாம்.

முதலில் பேட்டரி: முழு சார்ஜில், இன்ஜின் ஓடாதபோது சுமார் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். டெர்மினலில் பூத்த உப்பைச் சுத்தம் செய்து, எர்த் வயரை இறுக்கிப் பாருங்க.

அதெல்லாம் சரியா? அடுத்து சத்தத்தைக் கவனியுங்க:

* 'டக்' சத்தம் மட்டும் வந்தால்: சொலினாய்டு காண்டாக்ட் தேய்ந்திருக்கலாம்.
* மோட்டார் மட்டும் சுற்றி, இன்ஜின் சுற்றாவிட்டால்: பினியன் கோளாறாக இருக்கலாம். ஃப்ளைவீல் ரிங் கியர் பற்களையும் பார்க்க வேண்டும்.
* திணறித் திணறிச் சுற்றினால்: கார்பன் பிரஷ், புஷ் தேய்ந்திருக்கலாம்.

ரிப்பேரா, புதுசா?

பிரஷ், புஷ், சொலினாய்டு, பினியன் மட்டும் போயிருந்தால் அதை மாற்றினாலே பெரும்பாலும் போதும். ஆர்மேச்சரே கருகியிருந்தால், ரீவைண்டிங் செலவையும் புது மோட்டார் விலையையும் ஒப்பிட்டு முடிவெடுக்கலாம்.

உஷார்!

கீழே நின்றபடி ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்து ஸ்டார்ட் பண்ணவே கூடாது. வண்டி கியரில் இருந்தால் சட்டென நகர்ந்து, நிற்பவர் மேலேயே ஏறிவிடும். சீட்டில் உட்கார்ந்து, நியூட்ரலில் போட்ட பிறகே சாவியைத் திருப்புங்க.